காலையில் ஓடுது... மதியம் மக்கர் பண்ணுது! பழைய காரோடு ஒரு திருச்சுழிப் பயணம்

சாவியைத் திருப்பினால் `டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. பழைய கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்த அமைதி எல்லோருக்கும் தெரியும். அடுத்த நிமிடமே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். `பேட்டரி போச்சு', `பிளக் மாத்து', `பேசாம வித்துடு!' இதில் எது சரி என்று கண்டுபிடிக்கப் பல நேரங்களில் ஒரு பைசாகூடச் செலவில்லை. சரியான கேள்விகளைச் சரியான வரிசையில் கேட்டால் போதும். அப்படிக் கேட்கத் தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கும் ஊர்களில் ஒன்று அருப்புக்கோட்டை.

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். காரியாபட்டி தாண்டியதுமே இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், நடுநடுவே பனை, மழைக்குக் காத்துக்கிடக்கும் மானாவாரி நிலம். பருத்தி, மிளகாய், மல்லி, கம்பு, சோளம், குதிரைவாலி என மழை கொடுத்தால் விளையும் பூமி. அருப்புக்கோட்டை என்றால் சிலருக்கு நெசவு நினைவுக்கு வரும். சிலருக்கு மல்லிகைப் பூ. அரசியல் தெரிந்தவர்களுக்கு 1977-ல் எம்.ஜி.ஆர் இங்கே ஜெயித்து முதல் முறையாக முதல்வரானது நினைவுக்கு வரும்.

இங்கிருந்து கிழக்கே திருச்சுழி, நரிக்குடி பக்கம் போனால் ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டிய கிராமங்கள் உண்டு. அதனால்தான் இந்தப் பக்கத்தில் ஒரு பழைய மாருதி 800-க்கு இன்னும் மரியாதை இருக்கிறது. அது ஒரு வீட்டின் கார் மட்டுமல்ல. பிரசவம், பாம்புக்கடி, நெஞ்சுவலி எதுவானாலும் தெருவே வந்து கதவைத் தட்டும் ஊர் வண்டி. அந்த வண்டி ஸ்டார்ட் ஆகுமா, ஆகாதா என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை.

``பேரு எதுக்கு தம்பி?''

பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், வேப்ப மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. 40 ஆண்டுகளுக்கு மேலாகப் பெட்ரோல் கார்களை மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவரின் பட்டறை அது. ``பேரு எதுக்கு தம்பி? வேலையப் போடுங்க'' என்று சிரித்தார். அம்பாசடரில் தொழில் பழகியவர். பிறகு பிரீமியர் பத்மினி, அதற்கடுத்து மாருதி.

இந்த மூன்று கார்களிலும் நம் ஊர்ச் சாலைகளின் வரலாறே இருக்கிறது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் 1950-களின் கடைசியில் வந்து 2014 வரை ஓடியது. பம்பாயின் குர்லாவில் தயாரானது பத்மினி. 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் சாவி கைமாறிய மாருதி 800, நடுத்தரக் குடும்பங்களைக் கார் ஓட்ட வைத்தது; 2014-ல் தயாரிப்பு நின்றது. இன்று கிராமங்களில் மிச்சமிருக்கும் பழைய பெட்ரோல் கார்களில் அதிகம் கண்ணில் படுவது இதுதான்.

நாம் போன நேரத்தில் பட்டறையில் நின்றதும் ஒரு வெள்ளை நிற 800. 1990-களில் வந்த கார்புரேட்டர் மாடல். உரிமையாளர் திருச்சுழி பக்கத்துக் கிராமத்து மிளகாய் விவசாயி. சிறுநீரகம் பழுதான தன் அம்மாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு அருப்புக்கோட்டை கொண்டுவந்து திரும்ப அழைத்துப் போவது இந்தக் காரில்தான்.

``காலைல தொட்டா எடுக்குதுண்ணே. திரும்பிப் போறப்ப மாத்திரை வாங்கப் பத்து நிமிஷம் நிப்பாட்டுனா போச்சு. செல்ஃப் நல்லா அடிக்குது, வண்டி பிடிக்க மாட்டேங்குது. அம்மா அந்த வெயில்ல உள்ளயே கெடக்குது. இப்பல்லாம் இன்ஜினை அணைக்கவே பயமாயிருக்கு'' என்றார். ஏற்கெனவே இரண்டு இடங்களில் காட்டிவிட்டார். பேட்டரி, பிளக், பெட்ரோல் பம்ப் மூன்றும் புதிது. 12,000 ரூபாய் போயிருக்கிறது. மக்கர் மட்டும் போகவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறதாம்.

மெக்கானிக் பானட்டைத் திறக்கவே இல்லை. ``எதை மாத்துனாங்கன்னு அப்புறம் சொல்லுங்க. எப்பெப்ப எடுக்கல, அதை மொதல்ல சொல்லுங்க'' என்றார். காலையா, மதியமா? ஓடி நின்ற பிறகா, ஓடிக்கொண்டிருக்கும்போதா? டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போதா, குறையும்போதா? டாக்டர் `எத்தனை நாளா காய்ச்சல்' என்று கேட்பது போலவே இருந்தது.

சத்தமே பாதி சொல்லிவிடும்

விவசாயி யோசித்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, அவர் நமக்கு ஒரு பாடம் நடத்தினார். ஸ்டார்ட் ஆகாத காரில் முதலில் பயன்படுத்த வேண்டியது ஸ்பேனர் அல்ல, காது.

* சாவியைத் திருப்பினால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை: பேட்டரி முழுக்க இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் கழன்றிருக்கலாம், மெயின் ஃபியூஸ் போயிருக்கலாம்.

* `டக டக டக' என்று வேகமாகத் துடிக்கிறது: பேட்டரியில் தெம்பு இல்லை. அல்லது தெம்பு இருந்தும் டெர்மினல் பூத்துப்போய் கரன்ட் முழுசாகப் போகவில்லை.

* ஒரே ஒரு `டக்', அதோடு சரி: செல்ஃப் மோட்டார், அதன் சொலினாய்டு அல்லது எர்த் வயர் மீது சந்தேகப்படலாம்.

* `விர்ர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை: செல்ஃப் மோட்டாரின் பல்சக்கரம் போய்க் கடிக்கவில்லை.

* செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: பேட்டரியை விட்டுவிடுங்கள். பெட்ரோல் வரவில்லை, அல்லது பொறி வரவில்லை.

ஹெட்லைட்டை வைத்து இன்னொரு சோதனையும் உண்டு. லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். வெளிச்சம் சட்டென்று செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் அப்படியே பளிச்சென்று நிற்க, செல்ஃப் மட்டும் பேசாமல் இருந்தால் கரன்ட் மோட்டாருக்குப் போகவே இல்லை என்று அர்த்தம்.

``நூத்துல பாதி பேரு புது பேட்டரி வாங்குறது, டெர்மினலைத் தொடைக்காததாலதான்'' என்கிறார். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், மைனஸ் வயரை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுத் தெம்போடு இருக்கிறது. 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால், குற்றம் பேட்டரியில் இல்லை. அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலோ, அதன் பெல்ட்டிலோ, வயரிலோ இருக்கிறது.

பட்டறையில் வராத நோய்

வெள்ளை 800-ஐ ஸ்டார்ட் செய்து பார்த்தார். ஒரே திருகு, இன்ஜின் பிடித்துவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி. மறுபடியும் பிடித்தது.

``இங்க நிழல்ல நூறு தடவை எடுக்கும். எங்க எடுக்க மாட்டேங்குதோ அங்க போய்ப் பாக்கணும்'' என்றவர், ஒரு பழைய பிளக், இரண்டு ஸ்பேனர், கட்டிங் பிளேயர், அலமாரியிலிருந்து ஒரு பழைய இக்னிஷன் காயில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டார். மணி 12. திருச்சுழிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். நம்மையும் ஏற்றிக்கொண்டு கார் கிளம்பியது.

ஊரைத் தாண்டியதும் ஜன்னல் வழியே அனல். சாலையோரத்தில் ஓரிடத்தில் மண் பூசிய மேட்டிலிருந்து மெல்லிய புகை. கரிமூட்டம். சீமைக் கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி, காற்றை அடக்கி வேகவிட்டால் கரி. மழை ஏமாற்றும் வருடங்களில் இந்தப் பக்கத்துப் பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றுவது இந்தத் தொழில்தான்.

``இந்தக் கரியிலயே பஸ் ஓடியிருக்கு, தெரியுமா தம்பி?'' என்றார் மெக்கானிக். அவர் சொன்னது நிஜம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கருவியைத் தயாரித்தது. `டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று பெயர். போதிய காற்று இல்லாமல் கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுதான் அதில் எரிபொருள். அந்தக் காலத்துக் கரி வண்டிகளைச் சட்டென்று எடுத்துவிட முடியாது. முதலில் உலையில் தீ மூட்டி, காற்றடித்து, வாயு நன்றாக வந்த பிறகே இன்ஜினுக்கு உயிர் வரும். `ஸ்டார்ட்டிங் டிரபிள்' என்று நாம் அலுத்துக்கொள்வது, அவர்களுக்குத் தினசரி காலை வேலை.

இன்னும் பின்னே போனால், காரின் முதல் நெடும்பயணமே ஒரு ரிப்பேர்ப் பயணம்தான். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய வண்டியில் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொள்ள, தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்திச் சரிசெய்தார். பொறிக்குப் போகும் வயர் தேய்ந்துபோக, காலுறையை இறுக்கும் பட்டியைச் சுற்றிச் சமாளித்தார். எரிபொருள் தீர்ந்தபோது ஒரு மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். உலகத்தின் முதல் `ரோடு சைடு மெக்கானிக்' என்று அந்த அம்மாளைத் தாராளமாகச் சொல்லலாம்!

அப்போது செல்ஃப் மோட்டார் கிடையாது. பின்னால் வந்த கார்களை முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். ஹேண்டில் எதிர்த்து அடித்தால் கை முறியும். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டு காடிலாக் காரில் வந்த பிறகுதான் அந்த ஆபத்து குறைய ஆரம்பித்தது. நம் ஊர் லாரிகளிலும் பழைய அம்பாசடர்களிலும் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஹேண்டில் இருந்தது.

கோயில் வாசலில் ஒரு விசாரணை

திருச்சுழி சிறிய ஊர். பெயருக்கு ஒரு கதை உண்டு. பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் குத்தி, சுழித்து உள்ளே போகச் செய்த இடம் என்கிறது தலபுராணம். திருமேனிநாதரும் துணைமாலை அம்மனும் குடியிருக்கும் கோயில். சுந்தரர் தேவாரம் பாடிய தலம். 1879 டிசம்பர் 30-ல் ரமண மகரிஷி பிறந்ததும் இதே ஊரில்தான். அவர் பிறந்த வீடு `சுந்தர மந்திரம்' என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. ஊரை ஒட்டி குண்டாறு. வெள்ளத்தை விரட்டிய ஊரில், வருடத்தின் பெரும்பகுதி ஆற்றில் மணல்தான் தெரிகிறது.

நடை சாத்தியிருந்த நேரம். கோயில் பக்கத்தில் வெயிலிலேயே காரை நிறுத்தச் சொன்னார் மெக்கானிக். ``பத்து நிமிஷம் டீ குடிப்போம். அது அதுக்குள்ள வெந்துரும்.''

ஓடும்போது காற்று பட்டுக்கொண்டே இருப்பதால் பானட்டுக்குள் சூடு ஓரளவு கட்டுக்குள் இருக்கும். நிறுத்தியதும் காற்று நின்றுவிடுகிறது. ஆனால் இன்ஜினின் சூடு உடனே போவதில்லை. அது சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் சுட வைக்கிறது. நிறுத்தி 10, 15 நிமிடம் கழித்துத்தான் உள்ளே இருக்கும் பம்ப், குழாய், காயில் எல்லாம் மிக அதிகமாகச் சூடாகின்றன. டீ முடிந்து விவசாயி சாவியைத் திருப்பினார். செல்ஃப் ஜோராக அடித்தது. இன்ஜின் பிடிக்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். ``ஏர் லாக்குண்ணே! பம்ப்புல ஈரத்துணியப் போடுங்க!'' என்றார் ஒருவர். டீக்கடைக்காரர் துணியோடும் தண்ணீரோடும் வந்தேவிட்டார். அவர்கள் சொன்னது தப்பான வைத்தியம் அல்ல. கோடையில் கார்புரேட்டர் வண்டிகளுக்கு வழக்கமாக வருவதுதான் அது. பம்பிலும் குழாயிலும் இருக்கும் பெட்ரோல் சூட்டில் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளத் தெரிந்ததே தவிர, ஆவியைத் தள்ளத் தெரியாது. ஈரத்துணி போட்டு ஆற வைத்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகி, வண்டி எடுக்கும்.

ஆனால், மெக்கானிக் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். ``இப்பப் போட்டா பம்ப்பும் ஆறும், காயிலும் ஆறும், எல்லாமே ஆறும். வண்டி எடுத்துரும். யாரு திருடன்னு மட்டும் தெரியாது. சூட்டோட சூடா பிடிக்கணும்.''

முதல் கேள்வி: பெட்ரோல் வருகிறதா? இன்ஜின் அணைந்திருக்க, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி ஆக்சிலரேட்டர் கேபிளைக் கையால் இழுத்தார். கார்புரேட்டரின் வாய்க்குள் மெல்லிய பீய்ச்சலாகப் பெட்ரோல் விழுந்தது. ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி ஈரம், பெட்ரோல் வாடை. ``பெட்ரோலு சிலிண்டர் வரைக்கும் வந்துட்டு நிக்குது. எரிய வைக்கத்தான் ஆளில்ல.''

இரண்டாவது கேள்வி: பொறி வருகிறதா? கழற்றிய பிளக்கை மறுபடி மாட்டி மூடிவிட்டு, கொண்டுவந்த பழைய பிளக்கை அந்த வயரில் செருகி, ரப்பர் பிடி போட்ட பிளேயரால் இன்ஜின் உலோகத்தில் அழுத்திப் பிடித்தார். செல்ஃப் அடிக்கும்போது நீல நிறத்தில் `சட் சட்' என்று வெட்ட வேண்டும். இங்கே எப்போதாவது ஒரு முறை, மஞ்சளாக, சோகையாக ஒரு பொறி.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். ஆற விடாமல், பையிலிருந்த காயிலை எடுத்து மாட்டினார். சாவியைத் திருப்பச் சொன்னார். முதல் திருகிலேயே இன்ஜின் பிடித்தது. கூட்டம் கைதட்டாத குறை. அவர் திருப்தியாகவில்லை. இன்ஜினை அணைத்து, சூடு ஆறாத பழைய காயிலையே திரும்ப மாட்டினார். எடுக்கவில்லை. மறுபடி தன் காயில், எடுத்தது.

``மாத்துனா ஓடுச்சுன்னு மட்டும் நம்பாதீங்க தம்பி. பழசைத் திரும்ப மாட்டுனா நிக்கணும். அப்பத்தான் நிச்சயம்.''

பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி பிளக்குக்கு அனுப்புவது காயிலின் வேலை. உள்ளே தலைமுடி போல மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. வயதான காயிலில், சூடு ஏறும்போது உள்ளிருக்கும் காப்பு விட்டுக்கொடுத்துவிடும். ஆறினால் தானாகவே சரியாகிவிடும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட்டேஜ் இறங்குவதால், ஓடும்போது சமாளிக்கும் காயில்கூட ஸ்டார்ட் செய்யும்போது கைவிடும். பட்டறைக்கு வருவதற்குள் ஆறிவிடுவதால் யார் கண்ணிலும் படவில்லை. புது காயில் ஆயிரம் ரூபாய்க்குள்தான். விவசாயி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல், பழைய காயிலைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, ``அம்மாகிட்ட சொல்லு, வண்டியக் குடுக்க வேணாம்'' என்றார்.

வெயில், புழுதி, எலி

அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் வழியில், வறண்ட பூமியில் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொன்னார்.

பேட்டரிக்குப் பெரிய எதிரி வெயில். சூட்டில் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகும், தகடுகள் சீக்கிரம் அரிக்கும். மூடி திறக்கும் பேட்டரி என்றால் கோடையில் அடிக்கடி அளவு பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ``குழாய்த் தண்ணி, போர் தண்ணி ஊத்திராதீங்க. உப்புத் தண்ணி பேட்டரியக் கொன்னுரும்.''

மண் சாலைப் புழுதி ஏர் ஃபில்டரை அடைக்கும். காற்று குறைந்தால் பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கரி படியும். பிளக் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் ஆரோக்கியம். பொடிக் கரியாக இருந்தால் காற்று குறைவு அல்லது சோக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் இன்ஜினுக்குள்ளேயே தேய்மானம்.

இரண்டு வாரம் எடுக்காமல் நின்ற கார்புரேட்டர் வண்டியில், கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். பம்ப் மறுபடி நிரப்ப வேண்டும். பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், அரை நிமிடம் இடைவெளி விட்டு அடித்தால் எடுத்துவிடும். நின்ற காரில் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

புதிதாக ஒரு கவனமும் தேவை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்கள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் உள்ளிருக்கும் ரப்பரையும் இளக்கவோ வெடிக்க வைக்கவோ செய்யும். வருடத்துக்கு ஒருமுறை பெட்ரோல் குழாய்களைப் பார்த்து, பிசுபிசுத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். இது ஸ்டார்ட்டிங் பிரச்னை மட்டுமல்ல, தீ விபத்துப் பிரச்னையும்கூட.

இவற்றைச் செய்யவே செய்யாதீர்கள்

* கார்புரேட்டர் வாயில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே ஸ்டார்ட் செய்வது. இன்ஜின் திருப்பி அடித்தால் தீ நேராகக் கைக்கும் முகத்துக்கும் வரும்.

* பெட்ரோல் சிந்திய இடத்துக்குப் பக்கத்தில் பொறி சோதனை.

* பொறி சோதனையை 2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. கார்களில் முயல்வது. அதன் எலக்ட்ரானிக்ஸ் போய்விடலாம். அவற்றை ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

* சூடான இன்ஜினில் சோக்கை இழுப்பது. சோக் காலைக் குளிருக்கு மட்டும். பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகி வாடை வந்தால், ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள்.

* இன்ஜினை அணைத்துவிட்டு இக்னிஷனை ஆனிலேயே வைத்துப் பாட்டு கேட்பது. பழைய வண்டிகளில் காயில் சும்மாவே சூடாகி வெந்துபோகும்.

நீங்களும் போகலாம்

கோடையில் இந்தப் பக்கம் பழைய காரில் போவதாக இருந்தால் காலை 6 மணிக்கே மதுரையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அருப்புக்கோட்டையில் டிபன் முடித்து, நடை சாத்துவதற்கு முன் திருச்சுழியில் திருமேனிநாதரைத் தரிசிக்கலாம். சுந்தர மந்திரத்தில் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காரலாம். சீசனில் போனால் வழியில் நுங்கு கிடைக்கும். வண்டியில் ஜம்பர் கேபிள், ஒரு நல்ல பிளக், பிளக் ஸ்பேனர், சில ஃபியூஸ்கள், ஒரு பழந்துணி, ஐந்து லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். காரை மர நிழலில் நிறுத்துங்கள்.

15 ஆண்டு முடிந்த சொந்தக் காரை 5 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணமும் கூடிவிட்டது. பிரேக், பாடி, புகை எல்லாம் மோசமாகிவிட்ட வண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. ஆனால், நல்ல நிலையில் இருக்கும் வண்டி ஒரு காயிலுக்காகவோ, துடைக்காத டெர்மினலுக்காகவோ இரும்புக் கடைக்குப் போவது அநியாயம்.

அடுத்த முறை உங்கள் கார் எடுக்க மறுத்தால், `எதை மாத்தணும்?' என்று கேட்பதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது நின்றது, என்ன சத்தம் கேட்டது, வண்டி சூடாக இருந்ததா, ஆறி இருந்ததா. அந்த நாலு வரியோடு பட்டறைக்குப் போங்கள். மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்துவிடும். உங்களுக்குப் பாதிச் செலவு மிச்சமாகும்!